ஐந்து இலக்கம்: மெயின்ஃப்ரேம் கணினியும் எங்கட அடையாள அட்டையும்

வீட்டில் உம்மாவிடமோ அப்பாவிடமோ பழைய தேசிய அடையாள அட்டை இருந்தால் ஒருதரம் வாங்கிப் பாருங்க. ஒன்பது இலக்கம், கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து. அதில் முதல் ஐந்து இலக்கத்தை மட்டும் இப்போதைக்கு எடுப்போம். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 85061 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு நாளோடு 500ஐக் கூட்டி 85561 என்று தொடங்கும்.

கணக்கில் கெட்டியானவங்களுக்கு உடனே ஒரு கேள்வி வரும். 1985இல் பெப்ரவரிக்கு 28 நாள்தானே? ஜனவரி 31, பெப்ரவரி 28, அப்படியென்றால் மார்ச் 1 அறுபதாவது நாள். அட்டையில் ஏன் 061? காரணம் லேசானது. எல்லா வருடத்திலும் பெப்ரவரி 29 இருக்கிறது என்று வைத்துத்தான் அட்டை எண்ணுகிறது. லீப் வருடமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு திகதிக்கும் ஒரே எண், எல்லா வருடத்துக்கும் பொது.

வருடத்துக்கு இரண்டு இலக்கம், நாளுக்கு மூன்று இலக்கம் என்ற இந்த அமைப்பு இன்னொரு இடத்திலும் இருக்கிறது. 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் மெயின்ஃப்ரேம் கணினிகளுக்காக எழுதிய ஓஎஸ்/360 என்ற மென்பொருளிடம் "இன்றைக்கு என்ன திகதி?" என்று ஒரு நிரல் கேட்டால், அதுவும் இதே ஐந்து இலக்கத்தில்தான் பதில் சொல்லும். அந்தக் காலத்தில் கணக்கு வேலைகளுக்குப் பரவலாக இருந்த கோபோல் மொழியிலும் நாளைக் கேட்டால் இதே ஐந்துதான் வரும்.

ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள், இரண்டுக்கும் ஒரே சிக்கனம். ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் 1968இல் வந்தது, அட்டை 1972இல் கொடுக்கத் தொடங்கினார்கள். இரண்டுமே பிறகு ஒரு நாள் அந்த ஐந்து இலக்கத்தை மாற்ற வேண்டி வந்தது. அந்த மாற்றத்தின் கதைதான் இந்தக் கட்டுரை. ஒரு பெரிய முறைமையை அப்டேட் செய்யும்போது சிரமத்தை யார் சுமக்கிறது என்பதுதான் இதில் எங்களுக்கு முக்கியமான கேள்வி.

இடம் இல்லாத காலம்

மெயின்ஃப்ரேம் என்றால் வங்கி, காப்புறுதி, விமானச் சேவை, அரசாங்கம் மாதிரியான இடங்களின் முழுக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்து ஓட்டும் பெரிய கணினி. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை செய்யும். அந்தக் கணினியின் நினைவகம், வட்டு, அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற மென்பொருளைப் பள்ளிக்கூட ஐசிடி புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்லும். நாங்கள் சுருக்கமாக ஓஎஸ் என்றே எழுதுகிறோம்.

அன்றைக்கு ஒரு ஆளின் விபரம் துளையிட்ட அட்டை ஒன்றில் இருந்தது. அந்த அட்டையில் 80 நிரல். பெயர், விலாசம், சம்பளம், திகதி எல்லாம் அந்த 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும். 19 என்ற இரண்டு இலக்கத்தை ஒவ்வொரு திகதியிலும் திரும்பத் திரும்ப எழுதுவது வீண் என்று யாருக்கும் தோன்றும். நினைவகமும் அப்படித்தான். ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசையில் சின்ன மாதிரிகளில் ஒன்றான மாடல் 30, 8 கிலோபைட் நினைவகத்தோடு கூட விற்கப்பட்டது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த இடத்துக்குள் ஒரு கம்பெனியின் சம்பளக் கணக்கே ஓடியது.

சிஸ்டம்/360 அறிவிக்கப்பட்டது 1964 ஏப்ரல் 7. அதற்கு முன்னர் ஐபிஎம் விற்ற கணினிகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. சின்னதை வாங்கிய கம்பெனி வளர்ந்து பெரியதை வாங்கினால், எழுதிய நிரல் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும். 360இன் வாக்குறுதி இதை மாற்றியது: சின்ன மாதிரியில் ஓடும் நிரல் பெரிய மாதிரியிலும் ஓடும்.

வாக்குறுதி இலேசு, ஓஎஸ் எழுதுவது பெரும் பாடு. அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஃபிரெட் புரூக்ஸ். உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், அப்படியும் பிந்தியது. பிந்துகிற மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்தார். 1975இல் அதைப் புத்தகமாக எழுதினார். இடைக்கால ஏற்பாடாக, சின்ன இயந்திரங்களுக்கு டொஸ்/360 என்ற எளிய ஓஎஸ் ஒன்றையும் விட்டார்கள்.

புதிய 360ஐ வாங்கப் போகிறவரிடம் ஏற்கெனவே 1401 என்ற பழைய ஐபிஎம் கணினி இருக்கும். அதற்கு எழுதிய நிரல்களைக் குப்பையில் போடச் சொன்னால் அவர் வாங்குவாரா? அதனால் மாடல் 30க்குள்ளேயே 1401 மாதிரி நடிக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள். பழைய நிரலுக்குத் தான் புது வீட்டில் இருப்பதே தெரியாது. இதை ஒரு வியாபார தந்திரம் என்று சொல்லலாம், அது உண்மையும்தான். ஆனால் அந்தத் தந்திரத்தில் ஒரு ஒழுங்கு பிறந்தது: மாறுவது இயந்திரத்தின் வேலை, பழைய நிரலுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது.

காலி இடத்தில் சாமான் வைத்த கதை

இந்த ஒழுங்கைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு உதாரணம் போதும்.

360இல் நினைவகத்தின் ஒரு இடத்தைக் குறிக்க 24 பிட் முகவரி. அதனால் ஆகக் கூடியது 16 மெகாபைட் வரைக்கும்தான் எட்டும். 1964இல் அது கடல் மாதிரி. ஆனால் முகவரியை வைக்கிற பெட்டி 32 பிட் அகலம். மீதி 8 பிட் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற இடத்தை நம்ம ஆட்கள் விட்டு வைப்பார்களா? நிரல் எழுதியவர்கள் அதற்குள் தங்களுக்குத் தேவையான அடையாளங்களை எல்லாம் போட்டு வைத்தார்கள். ஐபிஎம்மின் சொந்த மென்பொருளே அதைச் செய்தது. ஒரு பட்டியலின் கடைசி முகவரி இதுதான் என்று சொல்ல, பெட்டியின் முதல் பிட்டில் ஒரு குறி போடும் வழக்கம் எல்லா இடத்திலும் பரவியது.

1980களின் தொடக்கத்தில் 16 மெகாபைட் போதாமல் போனது. முகவரியை நீட்ட வேண்டும். எல்லாரும் எதிர்பார்க்கிற எண் 32. ஐபிஎம் 31இல் நிறுத்தியது. அந்த முதல் பிட்டில் இருபது வருடமாக உலகம் முழுக்க எழுதப்பட்ட நிரல்கள் குறி வைத்திருந்தன. அதைத் தொட்டால் அவை உடையும். 1983இல் வந்த எம்விஎஸ்/எக்ஸ்ஏ என்ற ஓஎஸ்ஸில் பழைய நிரல் 24 பிட்டிலும் புதிய நிரல் 31 பிட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. 16 மெகாபைட் எல்லைக்கு அந்தத் தொழிலில் இன்றைக்கும் பெயர் "கோடு". கோட்டுக்குக் கீழே, கோட்டுக்கு மேலே என்றுதான் பேசுவார்கள்.

2000இல் 64 பிட் வந்தது. அடுத்த வருடம் இஸட்/ஓஎஸ் வந்தது. 2 கிகாபைட்டில் இன்னொரு எல்லை உண்டாகி, அதற்குப் பெயர் "கம்பி". கோடு, கம்பி இரண்டும் இன்றும் ஒரே இயந்திரத்துக்குள் இருக்கின்றன. 1960களில் எழுதிய நிரல் ஒன்று கோட்டுக்குக் கீழே அமைதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க முடியும். அதை எழுதியவர் மௌத்தாகிப் போயிருக்கலாம், நிரல் உயிரோடு இருக்கும்.

எப்படி மாற்றுகிறார்கள்?

எங்கட ஃபோன் அப்டேட் கேட்கும், ராவைக்கு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவோம். விடிய எழும்பினால் ஐகன் எல்லாம் இடம் மாறி இருக்கும், ஒரு பழைய ஆப் திறக்காது. "இது இனி இந்தப் ஃபோனுக்கு இல்லை" என்று சொல்லிவிடும். நாங்களும் பழகிவிட்டோம்.

ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேமில் இப்படிச் செய்ய முடியாது. அங்கே ஓஎஸ்ஸை மாற்றும் வேலை மாதக் கணக்கில் போகும். அடிப்படை முறை இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ் இருக்கிற வட்டைத் தொடவே மாட்டார்கள். இன்னொரு வட்டில் புதிய ஓஎஸ்ஸைக் கட்டுவார்கள். திருத்தங்களை நிறுவுவதற்கென்றே எஸ்எம்பி/இ என்ற கருவி இருக்கிறது. அதில் மூன்று படி. முதலில் திருத்தத்தைக் கையேற்றல். பிறகு பொருத்துதல். ஓடவிட்டுப் பார்த்து, பிழை இல்லை என்று நம்பிக்கை வந்த பிறகுதான் ஏற்றுக்கொள்ளல். ஏற்றுக்கொள்வதற்கு முன்னர் எந்த நேரமும் கழற்றி, பழையபடி வைக்கலாம். பொருத்துவதற்கு முதலும், பொருத்தினால் என்ன நடக்கும் என்று ஒத்திகை மட்டும் பார்க்கவும் ஒரு கட்டளை உண்டு.

ஒரே மெயின்ஃப்ரேமைத் தனித்தனி அறைகளாகத் தடுத்து, ஒவ்வொரு அறையிலும் வேறு வேறு ஓஎஸ் ஓட்டலாம். முதலில் சோதனை அறையில் புதியதை ஓட்டுவார்கள், அங்கே வங்கியின் உண்மையான காசு இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியச்சாமத்தில், ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து, உண்மையான அறையை நிறுத்திப் புதிய வட்டில் இருந்து எழுப்புவார்கள். ஏதாவது பிழைத்தால் பழைய வட்டில் இருந்து திரும்ப எழுப்புவார்கள். திங்கட்கிழமை காலையில் காசு எடுக்க வருகிற ஆளுக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

1990களில் பல மெயின்ஃப்ரேம்களை ஒரு குழுவாகக் கட்டும் முறை வந்த பிறகு அந்த நிறுத்தமும் தேவையில்லாமல் போனது. குழுவில் ஒன்றை மட்டும் நிறுத்தி மாற்றுவார்கள், மற்றவை அதன் வேலையைப் பங்கு போட்டுச் செய்யும். பிறகு அடுத்தது. அதுவரைக்கும் பழைய ஓஎஸ்ஸும் புதிய ஓஎஸ்ஸும் ஒரே தரவை ஒன்றாகப் பாவிக்க வேண்டும். அதனால் அடுத்தடுத்து வரும் மூன்று பதிப்புகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடும் என்பதை ஐபிஎம் கொள்கையாகவே வைத்திருக்கிறது. கற்பிட்டிப் பக்கம் தொழிலுக்குப் போகிறவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டு எஞ்சின் உள்ள போட்டில் ஒன்று ஓட ஒன்றைக் கழற்றிப் பார்க்கிற கதைதான்.

கொழும்பிலும் மெட்ராஸிலும்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். இலங்கைக்கு முதல் கணினி வந்தது 1960களின் பிற்பகுதியில், அரச பொறியியல் கூட்டுத்தாபனத்துக்கு. களுத்துறைத் தாதுகோபுரத்தை வடிவமைத்த பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கதான் அந்தக் கூட்டுத்தாபனத்தின் பெரிய பெயர். வந்தது ஐபிஎம் இல்லை, பிரித்தானியாவின் 1900 வரிசைக் கணினி. அதைச் செய்த கம்பெனி 1968இல் மற்றொன்றோடு இணைந்து ஐசிஎல் ஆனது.

ஐசிஎல்லுக்கும் இதே தலையிடி வந்தது. 1974இல் 2900 என்ற முற்றிலும் புதிய வரிசையை அறிவித்தார்கள். அதற்கு விஎம்இ என்ற புதிய ஓஎஸ். தொழில்நுட்பத்தில் 1900ஐவிட எவ்வளவோ மேல். ஆனால் 1900 வைத்திருந்த வாடிக்கையாளர்கள் அசையவில்லை. எழுதி வைத்ததை என்ன செய்வது? கடைசியில் 2900 இயந்திரமே 1900 ஆக வேஷம் போட்டு ஓடுகிற ஏற்பாட்டைக் கொடுத்த பிறகுதான் பலர் வந்தார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. மெட்ராஸ் ஐஐடியில் 1973இல் ஜெர்மன் உதவியோடு ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. அந்த நேரம் இந்தியாவில் இருந்த பலமான கணினிகளில் அது ஒன்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு உடன்படாமல் 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனது. இயந்திரங்கள் நின்றன, செய்தவன் போய்விட்டான். யார் பழுது பார்ப்பது? சிஎம்சி என்ற அரசாங்க நிறுவனம் அந்தப் பொறுப்பை எடுத்தது. ஐபிஎம்மில் வேலை செய்த இந்தியப் பொறியியலாளர்கள் பலர் அங்கே சேர்ந்தார்கள். அடுத்தவன் செய்த இயந்திரத்தை ஓடவைத்துப் பழகிய அதே சிஎம்சிதான், 1980களின் நடுவில் டில்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கணினிக்கு மாற்றியது.

ஒரே ஒரு இலக்கம்

இப்போது ஐந்து இலக்கத்துக்குத் திரும்புவோம். 1999 டிசம்பர் 31 என்றால் 99365. அடுத்த நாள் 00001. கணினிக்கு அது நூறு வருடம் பின்னால் போனது மாதிரி. 1965இல் பிறந்தவருக்கு வயது மைனஸ் 65. கடன் தவணை பிந்தியதா இல்லையா, ஓய்வூதியம் எப்போது, மருந்து காலாவதியா என்று எல்லாமே குழம்பும். இதுதான் வைடூகே. இதைத் திருத்தத்தான் சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தில் இருந்து ஆயிரக்கணக்கான கோபோல் நிரலாளர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள்.

மெயின்ஃப்ரேம் ஓஎஸ் இதைச் சமாளித்த விதம் அழகானது. திகதியைக் கேட்டால் அது உண்மையில் ஏழு இலக்கத்துக்கு இடமுள்ள ஒரு பெட்டியில்தான் பதில் கொடுக்கும். முன்னால் இரண்டு பூச்சியம், பிறகு நமக்குத் தெரிந்த ஐந்து. அந்தப் பூச்சியங்களில் இரண்டாவதை நூற்றாண்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். 1900கள் என்றால் 0, 2000கள் என்றால் 1. அப்போது 1999இன் கடைசி நாள் 0099365, 2000இன் முதல் நாள் 0100001. எது பெரிய எண் என்று பாருங்க. முழுப் பெட்டியையும் ஒப்பிடுகிற பழைய நிரல் ஒரு வரிகூட மாறாமல் சரியாக ஓடும். பெட்டிக்கு நீளம் கூடவில்லை, யாரும் இடம் பெயரவில்லை.

எல்லா நிரலும் இவ்வளவு இலேசாகத் தப்பவில்லை. தங்கள் கோப்புகளில் ஐந்து இலக்கத்தை மட்டும் எழுதி வைத்தவர்கள் எல்லாக் கோப்புகளையும் அகலமாக்க வேண்டியிருந்தது. அதற்கு நேரமோ காசோ இல்லாதவர்கள் ஒரு குறுக்கு வழி எடுத்தார்கள்: 50க்குக் கீழே வந்தால் 2000கள், மேலே வந்தால் 1900கள் என்று நிரலுக்குச் சொல்லிவிட்டார்கள். பிரச்சினை தீரவில்லை, 2050க்குத் தள்ளிப்போனது. அப்போது நாங்கள் வாப்பா, அப்பா வயதில் இருப்போம்.

எங்கட வைடூகே 2016

2000ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி உலகம் பெருமூச்சு விட்டது. இலங்கை அடையாள அட்டைக்கு மட்டும் பதினாறு வருட அவகாசம் இருந்தது. ஏனென்றால் அந்தக் காலத்தில் அட்டை எடுத்தது 16 வயதில். 2000இல் பிறந்த பிள்ளைகள் பாடசாலை அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் விண்ணப்பத்தோடு போகத் தொடங்கும் வருடம் 2016. அவர்களுக்கு 00 என்று தொடங்கும் எண் கொடுக்க முடியாது. 1972இல் அட்டை எடுத்த, 1900களின் தொடக்கத்தில் பிறந்த மூத்தாப்பாமார் அந்த எண்களை ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

2016இல் இருந்து எண் 12 இலக்கமானது. வருடத்துக்கு நான்கு, நாளுக்கு மூன்று, மீதி ஐந்து. கடைசி எழுத்து போய்விட்டது. இதில் பாராட்ட வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பழைய அட்டை செல்லாது என்று அறிவித்து, எல்லாரையும் வரிசையில் நிற்க வைக்கவில்லை. பழைய எண் அப்படியே செல்லும். தேவைப்பட்டால் அதிலிருந்தே புதிய எண்ணைச் செய்யலாம்: முன்னால் 19, நாளுக்குப் பின்னால் ஒரு 0, எழுத்தை எடுத்துவிட வேண்டியதுதான். மெயின்ஃப்ரேம்காரர்கள் கண்டால் தலையாட்டியிருப்பார்கள்.

ஆனால் எண்ணைக் கொடுக்கிற இடம் சரியாகச் செய்தாலும் எண்ணைக் கேட்கிற இடங்கள் எல்லாம் தயாராக இருக்க வேண்டுமே. எங்கட குழுவில் பாதிப்பேர் 2000க்குப் பிறகு பிறந்தவர்கள். முதல் அட்டை கையில் கிடைத்த புதிதில் ஒரு இடத்தில் படிவத்தில் பத்துக் கட்டம்தான் இருந்தது. இன்னொரு இடத்தில் கணினி கடைசியில் எழுத்து எங்கே என்று கேட்டது. "கார்ட்ல பிழை, மாத்திட்டு வாங்க" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள். கார்ட் சரி, கட்டம்தான் பழசு. வீட்டுக்கும் அங்கேயும் இரண்டு பஸ் பிடித்து அலைந்தது மட்டும் அந்தப் பிள்ளை.

எண்ணுக்குள் ஒளித்து வைத்தவை

24 பிட் முகவரியின் காலி இடத்தில் சாமான் வைத்த கதை ஞாபகம் இருக்கிறதா? எங்கட பழைய அட்டை எண்ணிலும் அதே வேலை நடந்திருக்கிறது. நாளோடு 500 கூட்டி ஆணா பெண்ணா என்பதை உள்ளே வைத்தார்கள். கடைசி எழுத்து 'வி' என்றால் அட்டை எடுக்கும் நேரம் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். ஒரு ஆளின் நிலைமை வாழ்க்கையில் மாறலாம். எண் மாறாது. மாறக் கூடியதை மாறாத ஒன்றுக்குள் பூட்டினால் பிறகு எடுப்பது கஷ்டம். எழுத்து 2016இல் போனது, 500 இன்னும் இருக்கிறது.

அட்டையின் மொழியும் அப்படியொரு முடிவுதான். வடக்குக் கிழக்கில் சிங்களமும் தமிழும் இருந்த அட்டை, மற்ற மாகாணங்களில் சிங்களத்தில் மட்டும் வந்தது. புத்தளம் வடமேல் மாகாணம். உடப்பிலும் கற்பிட்டியிலும் தமிழில் பேசி, தமிழில் படித்து வளர்ந்தவர்களின் பெயர், அவர்களில் பலரால் வாசிக்க முடியாத எழுத்தில் இருந்தது. 2014இல் இருந்துதான் நாடு முழுக்க இரண்டு மொழியிலும் அட்டை வந்தது. நாற்பது வருடமாக அதைச் சரிப்படுத்திக்கொண்டது பக்கத்தில் நின்றவரிடம் "இதுல என்ன எழுதீக்கி?" என்று கேட்ட மூத்தம்மாமார்தான்.

இன்னும் பாரமான ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் இருந்து பலர் கடலால் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். நகை, காசு, காணி உறுதி பலருக்குப் பறிபோனது. தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை, பாலாவி என்று இந்தக் கரை முழுக்க ஓலைக் கொட்டில்கள் எழும்பின. எங்கட குழுவில் சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள், சிலர் அவர்களுக்குக் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பங்கு கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள்.

இப்படி வந்த ஆளை வாக்காளர் பட்டியல் எங்கே எழுதும்? பட்டியலுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நிரந்தர விலாசம்தான் தெரியும். மன்னாரில் பெயரை விட்டால் திரும்பிப் போகிற உரிமையும் காணியும் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். இங்கே பதியாவிட்டால் பிரதேச செயலகத்தில் எந்த வேலைக்கும் இழுபறி. பலர் வாழ்ந்தது புத்தளத்தில், வாக்கு மட்டும் வடக்கில். வருடக் கணக்கில் இங்கேயே விசேட வாக்களிப்பு நிலையங்கள் வைத்துச் சமாளித்தார்கள். 2013இல் இடம்பெயர்ந்தவர்களின் வாக்காளர் பதிவுக்கென்று 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் சிக்கல் முழுக்கத் தீரவில்லை.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். வாக்குப் போடுவதற்காகப் புத்தளத்தில் இருந்து மன்னாருக்குப் பஸ் பஸ்ஸாக ஆட்கள் போனார்கள். விடியக்காலையில் தந்திரிமலைப் பக்கம் ரோட்டில் டயர் எரித்து மறித்து, பஸ்களுக்குக் கல்லெறிந்தார்கள், சுட்டார்கள். உயிர் போகவில்லை. சுட்டவன் செய்தது குற்றம், அதைப் பட்டியலின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் ஒரு வாக்குக்காக வயதானவர்களும் பிள்ளைத்தாச்சிகளும் ராவோடு ராவாக அந்த ரோட்டால் போக வேண்டி வந்தது, பட்டியல் இரண்டு இடத்தில் வாழும் ஒரு வாழ்க்கையைப் பதியத் தெரியாமல் இருந்ததால்தான்.

மெயின்ஃப்ரேம் கதையை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இதுதான். பழையதும் புதியதும் கொஞ்சக் காலம் ஒன்றாக ஓடும்படி ஒரு முறைமையைக் கட்ட முடியும். ஐம்பது வருடத்துக்கு மேலாக அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு செத்துப்போன நிரலாளரின் பழைய நிரல் உடையக் கூடாது என்பதற்காக 32 பிட்டை 31இல் நிறுத்தினார்கள். அந்தக் கவனத்துக்குப் பின்னால் இருந்தது காசு: நிரலின் சொந்தக்காரன் வங்கி, அவன் கோபித்தால் வாடிக்கை போய்விடும். ஆலங்குடாவில் கொட்டிலில் இருந்தவர் கோபித்தால் யாருக்கு என்ன நட்டம்?

இப்போது இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. விரல் அடையாளம், முகப்படம் எல்லாம் சேரும். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கச்சேரி வாசலில் நாள் முழுக்க நிற்கிற வேலை குறைந்தால் நல்லதுதான். ஆனால் கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும். பழைய அட்டை எவ்வளவு காலம் கூடவே ஓடும்? உப்பளத்திலும் கருவாட்டு வாடியிலும் வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளுக்கு வேறு வழி என்ன? பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, அதுவரை அந்த ஆளின் நிவாரணமும் வாக்கும் நிற்குமா? பெயர் தமிழில் எழுதியபடியே பதியப்படுமா? இரண்டு ஊர் உள்ளவருக்கு இரண்டு ஊரையும் எழுத இடம் இருக்குமா?

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குக் கணினிப் படிப்பு தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம், பிரதேச சபை உறுப்பினரிடம், பாராளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்கலாம். முறைமை கட்டி முடிந்த பிறகு கேட்டால் "இப்ப மாத்த ஏலாது" என்பார்கள். அந்த நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.